கடனைக் குறைத்துக் கேட்கப் போன கதை

பேரம் பேசுவதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விற்கிறவர் என்னைக் கண்டவுடனே, விலையைச் சொல்வதற்கு முன்னமே ஒரு பெருமூச்சு விடுவார். புடவைக் கடைக்காரர், "அக்கா, காலமை முதல் வியாபாரம், பாத்துக் கேளுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிடுவார். அப்படிப்பட்ட எனக்கு, வாங்கின கடனையும் குறைத்துக் கேட்கலாம் என்பது ஐம்பத்தாறு வயது வரைக்கும் தெரியாது. கடன் என்றால் கடைசிச் சதம் வரைக்கும் கட்டித் தொலைக்க வேண்டியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். கலியாணக் கார்ட், பில் புத்தகம், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலர், இவைதான் தொழில். புது மெஷின் ஒன்று எடுப்பதற்காக ஒரு ஃபினான்ஸ் கம்பனியில் பதினைந்து இலட்சம் கடன் வாங்கினார். மெஷின் வந்து எட்டு மாதம் ஆகவில்லை, நாடு தலைகீழாகிவிட்டது. டொலர் ஏறியது. கடதாசி வரவில்லை, வந்த கடதாசியும் யானை விலை. கலியாண வீட்டுக்காரர்கள் கார்டைப் போனிலேயே அனுப்பப் பழகிவிட்டார்கள். மெஷினை அரை விலைக்கு விற்று, வேலை செய்தவர்களின் சம்பளத்தையும் கடதாசிக் கடைக் கணக்கையும் தீர்த்தோம். கம்பனிக்கு ஐந்து மாதம் ஒரு சதமும் கட்ட முடியவில்லை.

பிறகு கம்பனி எங்களைக் கூப்பிட்டு, நிலுவையையும் தண்ட வட்டியையும் சேர்த்துப் புதிதாக ஒரு தவணைத் திட்டம் போட்டுத் தந்தது. மாதம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. முதல் தவணை கட்டுவதற்காக என் தாலிக்கொடி செட்டியார் தெருவுக்கு அடகுக்குப் போனது. இவர் நுகேகொடையில் வேறொருவருடைய அச்சகத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். நாற்பது வருடம் முதலாளியாக இருந்த மனிதர், காலையில் சோற்றுப் பெட்டியோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார். நான் வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற மாடிக் குடியிருப்பிலும் பக்கத்து ஒழுங்கையிலும் வீடு வீடாக இடியப்பம் கொடுக்கத் தொடங்கினேன். இப்படியாகப் பதினாறு மாதம், ஒரு தவணை தவறவில்லை. ஆனாலும் கணக்கில் ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம் மிச்சம் நின்றது. இன்னும் மூன்று வருடம் இழுக்கும்.

இழுத்தால் இழுக்கட்டும் என்றுதான் இருந்தோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வரும்வரைக்கும்.

தம்பி என்றால் உடன்பிறந்த தம்பி இல்லை. அச்சகத்துக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் குடியிருந்தவர். தோட்டம் என்றவுடன் மரம் செடி என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பில் அது சுவரோடு சுவர் ஒட்டிய சின்னச் சின்ன வீடுகளின் வரிசை. தம்பி துறைமுகத்துப் பண்டசாலை ஒன்றில் எழுதுவினைஞர், நிரந்தரச் சம்பளம். பின்னேரங்களில் அச்சகத்துக்கு வந்து இவரோடு தேத்தண்ணி குடிப்பது இருபது வருடப் பழக்கம். கடனுக்கு நிரந்தரச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று கம்பனி சொன்னபோது, இவர் இரண்டு நாளாகக் கேட்கக் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள் கேட்டார். தம்பி பத்திரத்தை வாசிக்கவும் இல்லை. "எங்க கையெழுத்துப் போடணும் அண்ணன்?" என்று பேனையை எடுத்தார்.

அந்த ஞாயிறு அவர் வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு அரை மணித்தியாலம் வெயிலைப் பற்றியும் பஸ் கட்டணத்தைப் பற்றியும் கதைத்தார். எனக்குப் பொறுமை இல்லை.

"தம்பி, வந்த விஷயத்தைச் சொல்லும். என்னத்துக்கு இந்தச் சுத்தல்?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா," என்று தொடங்கினார். அவர் வாடகைக்கு இருக்கிற வீட்டை வீட்டுக்காரர் விற்கப் போகிறார். இருக்கிறவரே வாங்குவதென்றால் முதல் உரிமை அவருக்கு. மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வெளியே விற்றுவிடுவார், இவர்கள் எழும்ப வேண்டியதுதான். தம்பி சம்பளத்தைக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன் கேட்டிருக்கிறார். வங்கி கணினியில் பார்த்துவிட்டு, "நீங்கள் பிணை நின்ற கடன் ஒன்று நிலுவையில் விழுந்து எழும்பியிருக்கிறது, அது முடியாமல் தர முடியாது" என்று சொல்லிவிட்டது.

"அத முடிக்கச் சொல்லிக் கேக்க வரல அக்கா. வேற யாரையாவது பிணைக்குப் போட்டு என் பேர எடுக்க ஏலுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

எங்களுக்காக இனி யார் பிணை நிற்கப் போகிறார்கள்? இவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன், எங்களுக்குப் போட்ட ஒரு கையெழுத்தால் வீடில்லாமல் தெருவில் நிற்கப் போகிறார். "மூண்டு மாசத்துக்குள்ள உங்கட பேரை எடுத்துத் தாறம்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று கேட்டிருந்தால் எனக்கே தெரியாது.

அந்த நேரத்தில்தான் அச்சகக் கட்டிடத்தின் சொந்தக்காரர், ஒரு வருடமாக இழுத்தடித்துக்கொண்டிருந்த முற்பணம் நாலரை இலட்சத்தையும் திருப்பித் தந்தார். மிச்சமிருந்த கடதாசி வெட்டும் மெஷினை இரண்டரை இலட்சத்துக்குக் கேட்டார்கள். மொத்தம் ஏழு இலட்சம். இவ்வளவையும் ஒரே தடவையில் நீட்டினால் கம்பனி மிச்சத்தைத் தள்ளுபடி செய்யாதா? கீழ் மாடியில் இருக்கிற, வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அம்மாதான், "அது நடக்கிற விஷயம்தான், போய்க் கதைச்சுப் பாருங்கோ" என்று சொன்னார்.

இவருக்கு ஒப்பீஸ் என்றாலே வாய் கட்டிப்போகும். ஆகவே நான் தனியாகப் போனேன். இங்கேதான் முதல் முட்டாள்தனம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. ஒரு ஒப்பீஸ் படி ஏறுவதென்றால் வெறுங்கழுத்தோடு போகமாட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் நல்ல சேலை, நாலு பேர் பார்த்தால் மதிக்க வேண்டும். என்னுடைய கொடிதான் அடகிலே. காலி வீதிக் கடையில் தடிப்பாக ஒரு கவரிங் கொடி வாங்கி, அதில் தாலியைக் கோத்துப் போட்டிருந்தேன். காஞ்சிபுரம் ஒன்றை இஸ்திரி போட்டு உடுத்து, கையில் நாலு கவரிங் காப்பு, நெற்றியில் குங்குமம். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. கடன் கட்ட வசதியில்லை என்று சொல்லப் போகிறவள், கடன் கொடுக்கப் போகிறவளைப் போலப் புறப்பட்டேன்.

கம்பனியில் எங்கள் கோப்பைப் பார்க்கிறவர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும், அங்கே எல்லாருக்கும் அவர் 'மிஸ்'. நல்ல மரியாதை. "அன்ட்டி, வாடிவென்ன" என்று இருக்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும். அதையும் இதையும் ஆங்கிலத்தையும் கலந்து, ஏழு இலட்சம் ஒரே தடவையாகத் தருகிறோம், கடனை முடித்துவிடுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே கவனித்தேன், மிஸ்ஸின் கண் என் கழுத்தில் நின்றது.

"அன்ட்டி, இந்தத் தள்ளுபடி கஷ்டப்படுகிறவர்களுக்கு. கட்டவே முடியாதவர்களுக்கு. நீங்கள் பதினாறு மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன காரணம் சொல்லி நான் மனேஜரிடம் கேட்பது? இருப்பதும் வெள்ளவத்தையில். வெளிநாட்டில் ஆட்கள் இருப்பார்கள்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "கழுத்தில் இருப்பது மட்டுமே பத்துப் பவுண் வரும், இல்லையா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒழுங்காகக் கட்டியது குற்றமா? வெள்ளவத்தையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் மாதா மாதம் லண்டனிலிருந்து காசு கொட்டுகிறதா? இதையெல்லாம் சொல்லச் சிங்களம் வரவில்லை. கவரிங் என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல் என்றும் தெரியவில்லை. கொடியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, "மே பொரு ரத்தரன், மிஸ்! பொரு!" என்று கத்திவிட்டேன். பொய்த் தங்கம், பொய்!

கவுண்டரில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற செக்கியூரிட்டிகூட உள்ளே எட்டிப் பார்த்தார். மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினது எனக்குத் தெரிந்தது. "அனே அன்ட்டி," என்று தண்ணீர் வரவழைத்துத் தந்தார். அடகுத் துண்டு, அச்சகம் மூடிய கடிதம், இவருடைய சம்பளத் துண்டு, எல்லாவற்றோடும் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொண்டுவரச் சொன்னார். ஆனால் எட்டரை இலட்சத்துக்குக் கீழே இறங்குவார்களா என்பது சந்தேகம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் நடந்ததைச் சொன்னேன். "பொரு ரத்தரன் எண்டா சொன்னனீர்?" என்று கேட்டு, மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபம்தான் வந்தது, ஆனால் அவர் சிரித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

கீழ் மாடி அம்மா வேறொரு யோசனை சொன்னார். "ரெண்டு மூண்டு மாசம் கட்டாமல் விடுங்கோ. அவங்களே ஓடி வந்து குறைச்சுத் தருவாங்கள். கட்டுறவனைத்தான் கசக்குவாங்கள்." எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்த மாதத் தவணைக் காசை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இவருக்குத் தெரிந்தபோது, முப்பது வருடத்தில் என்மேல் சத்தம் போடாத மனிதர் சத்தம் போட்டார்.

"தம்பியின்ர பேர்ல இன்னொரு கறுப்புப் புள்ளி விழுத்தப் போறீரே? பேரை எடுத்துத் தாறம் எண்டு சொன்ன வாய்தானே?"

மறுநாள் காலையிலேயே போய்க் கட்டிவிட்டு வந்தேன். ரசீதைக் கையில் வாங்கும்போது அவமானமாக இருந்தது. அதற்குள் தம்பிக்கு இருந்த மூன்று மாதத்தில் ஐந்து கிழமை ஓடிப்போயிருந்தது.

இரண்டாம் தடவை நூல் சேலை உடுத்து, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு போனேன். இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். விற்காமல் போன கலியாணக் கார்ட் உறைகளில் மாதவாரியாக ரசீதுகளைப் போட்டு வைத்திருந்தேன். பொன் மையில் பிள்ளையார் படம் போட்ட உறைகள். அவற்றை மேசையில் பரப்பியபோது மிஸ் ஒன்றைத் தடவிப் பார்த்து, "லஸ்ஸனாய்", வடிவாக இருக்கிறது என்றார். இவர் அடித்தது என்றேன். இவருக்கு முகம் மலர்ந்தது.

மிஸ் எங்கள் கணக்கைத் தொடக்கத்திலிருந்து அச்செடுத்துத் தந்தார். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரசீதுகளோடு வரி வரியாக ஒப்பிட்டேன். கம்பனி எங்கேயாவது ஏமாற்றியிருந்தால் பிடித்து, அதை வைத்துப் பேரம் பேசலாம் என்பது என் திட்டம். பிடித்தும்விட்டேன். புதுத் தவணைத் திட்டம் போடுவதற்கு முன்பு நாங்கள் கட்டாமல் இருந்த அந்த ஐந்து மாதத்திலும், மாதம் பதினெட்டாயிரம் கட்டப்பட்டதாகக் கணக்கில் இருந்தது. என்னிடம் அதற்கு ரசீது இல்லை. எப்படி இருக்கும்? கட்டினால்தானே.

"மிஸ், இது எங்கட காசில்லை. ஆரோ பாவப்பட்டவற்ற காசை எங்கட கணக்கில போட்டிருக்கிறீங்கள். எங்களுக்குப் பிறத்தியாற்ற காசு வேண்டாம். எடுத்துவிடுங்கோ." நியாயஸ்தி போல நிமிர்ந்து இருந்து சொன்னேன். உங்கள் கணக்கே பிழை, எட்டரை இலட்சம் எப்படிக் கேட்பீர்கள் என்பது அடுத்த வசனமாக நாக்கில் நின்றது.

மிஸ் கணினியைத் தட்டிப் பார்த்தார். கொட்டாஞ்சேனைக் கிளைக்கு ஒரு போன் எடுத்தார். காத்திருந்து, எழுதி எடுத்தார். பிறகு கடதாசியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஐந்து தடவையும் காசாகக் கட்டியிருக்கிறது. கட்டியவர் பெயர் என்ற இடத்தில் தம்பியின் பெயர்.

"பிணை நின்றவர்தானே? அப்போது அவருக்கு நாங்கள் அறிவித்தல் அனுப்பியிருந்தோம். அவர் கட்டிக்கொண்டு வந்ததால்தான் உங்கள் கோப்பு வழக்குக்குப் போகவில்லை. உங்களுக்குச் சொல்லவில்லையா?"

இவர் கதிரையின் கையைப் பிடித்தபடி இருந்தார். அந்த ஐந்து மாதமும் தம்பி எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. "பாத்தீங்களே, கஷ்டமெண்ட உடன கையைக் கழுவிப்போட்டார்" என்று நான் இவரிடம் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன். அடுப்படியில் நின்று சொன்னேன், கோயில் வாசலில் நின்று சொன்னேன். கண் நிறைந்து வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவள், ஒரு ஒப்பீஸ் நடுவில் இருந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுகைக்கு நடுவில்தான் உண்மையைச் சொன்னேன். இந்தக் கழிவை, இந்தத் தள்ளுபடியை, எனக்காகக் கேட்கவில்லை, தம்பிக்கு வீடு போகப் போகிறது, இன்னும் ஏழு கிழமைதான் இருக்கிறது என்று, தமிழிலேயே சொன்னேன். சிங்களம் தேடவில்லை. மிஸ்ஸுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "பொட்டக் இன்ன அன்ட்டி" என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அடகுத் துண்டையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் மனேஜரிடம் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பதைப் பார்த்தேன். மனேஜர் தலையை ஆட்டினார், இல்லை என்று. மிஸ் மறுபடி கதைத்தார்.

இருபது நிமிடம் கழித்து வந்தார். தண்ட வட்டி முழுவதும், மிச்ச வட்டியில் பெரும்பங்கும் கழிவு. ஆறரை இலட்சம், பத்து நாளுக்குள், ஒரே தடவையில்.

ஏழுக்குத் தயாராக வந்தவளுக்கு ஆறரை. சாதாரண நாளென்றால் நான் துள்ளியிருப்பேன். அன்றைக்கு, "முதல்ல பிணைக்காரரை விடுவிக்கிற கடிதத்தின்ர வாசகத்தைக் காட்டுங்கோ" என்று மட்டும் கேட்டேன். மிஸ் வாசித்துக் காட்டினார். தம்பியின் பிணை முற்றாக நீங்கும், அவருடைய பதிவில் கடன் தீர்ந்ததாகவே வரும். ஆனால் இவருடைய பதிவில் குறைத்துத் தீர்த்த கடன் என்று வரும். சில வருடத்துக்கு எந்த இடத்திலும் கடன் கிடைக்காது. பரவாயில்லையா என்று கேட்டார். அன்று முழுவதும் வாயே திறக்காத இவர், அப்போது திறந்தார்.

"மட்ட ஆயெ நய எபா, மிஸ்." எனக்கு இனிக் கடனே வேண்டாம்.

காசைக் கட்டி, கடிதம் கைக்கு வர இரண்டு கிழமை பிடித்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கைப்பையில் கடிதம், அதோடு மிச்சமாகிய ஐம்பதாயிரம். தம்பி கடைக்குப் பாண் ரொட்டி வாங்கப் போயிருந்தார். மனைவி கதவைத் திறந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இனி பேங்க்ல தந்துருவாங்க அக்கா. முற்பணம்தான் யோசனை. வீட்டுக்காரரு மூணு லட்சம் கேக்கிறாரு. எங்கக்கிட்ட ரெண்டு நாப்பதுதான் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "மூணு முப்பது இருந்திச்சு அக்கா. நான் தையல்ல சேர்த்த சல்லி. தொண்ணூறாயிரத்த இந்த மனுசன் புக்கில கொண்டுபோய்த் தொலச்சாரு."

புக்கி என்றால் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டுகிற கடை. அந்தப் பக்கம் சந்திக்குச் சந்தி இருக்கிறது.

"அவரா?" என்றார் இவர்.

"அவரேதான் அண்ணன். அஞ்சு மாசம், மாசம் பதினெட்டு. கேட்டா, ஆமா வெளையாடிட்டேன்னு தலய குனிஞ்சிக்கிட்டு நிக்கிறாரு. ஆறு மாசம் அவரோட நான் பேசல. பிள்ளைங்க முன்னாலயே சூதாடின்னு ஏசியிருக்கேன். எங்க அம்மா வீட்டு ஆளுங்க இன்னும் அவருக்கு முகம் குடுக்கிறதில்ல."

அந்த நேரம் தம்பி பாணோடு வாசலில் வந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினார். இவர் நிலத்தைப் பார்த்தார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் நட்டமில்லை, நாங்களும் நல்ல பேரோடு எழும்பி வந்துவிடலாம். ஆனால் இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் எனக்கு மூச்சு நின்றிருக்கும்.

"தங்கச்சி, அவர் புக்கிக்குப் போகேல்லை. அது எங்கட கடனுக்குக் கட்டின காசு."

கம்பனியில் எடுத்த கணக்கை எடுத்து விரித்துக் காட்டினேன். மனைவி ஐந்து வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"சூதாடின்னு சொன்னனே," என்றார். "அப்பக்கூட வாயத் திறக்கலியே நீங்க? ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

தம்பி பாணை மேசையில் வைத்தார். "புக்கின்னு சொன்னா என் மேலதான் கோவப்படுவ. அது நாளைக்கு ஆறிடும். உண்மைய சொல்லியிருந்தா அண்ணன் மேலயும் அக்கா மேலயும் கோவம் வரும். அப்புறம் அவங்க எப்படி இந்த வீட்டுப் படி ஏறுவாங்க?"

எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐம்பதாயிரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "இது இப்ப. மிச்சம் நாப்பதையும் மாசா மாசம் தருவன்."

"ஐயோ அக்கா, வேணாம். இது போதும். கம்பனிக்காரனே குறைச்சுத் தந்திருக்கான், நான் குறைக்கக் கூடாதா?"

"தம்பி, நீர் பேசாமல் இரும்! கம்பனி குறைச்சது வட்டியை. நீர் கட்டினது தங்கச்சி ஊசி பிடிச்ச காசு. இதில ஒரு சதமும் குறைக்க விடமாட்டன்."

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரைக் கையால் ஒதுக்கிவிட்டு, காசை எண்ணினார். நிதானமாக, இரண்டு தடவை. "சரி அக்கா. மாசம் எவ்வளவு தருவீங்க?"

"பத்து."

"இடியப்பம் அவிச்சுப் பத்து ஏலாது. எட்டு தாங்க. அஞ்சு மாசம்."

"சரி," என்றேன்.

முற்பணத்துக்குப் பத்தாயிரம் குறைந்தது. வீட்டுக்காரர் அதை மாத முடிவில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். வங்கிக் கடனும் மூன்று மாதக் கெடு முடிவதற்கு நாலு நாள் முன்பு சரிவந்தது. அவர்கள் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், சொந்தக்காரராக.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, நாங்கள் எழும்பிச் செருப்பைப் போடும்போது, வங்கிக் கணக்கு இலக்கத்தைத் தாருங்கள், மாதாமாதம் முதலாம் திகதி போட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் கேட்டேன்.

"பேங்க்ல போட வேணாம் அக்கா," என்றார். "கையில கொண்டுவந்து குடுங்க. அஞ்சு மாசமும் நீங்க ரெண்டு பேரும் இங்க வரணும். வந்து, பிள்ளைங்க முன்னால, அவரு கையில குடுக்கணும்."